அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர் ஓடவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடுவோம்

பாகங்களை எல்லாம் பொருத்தி, கேபிள்களை ஒழுங்காகக் கட்டி, கேபினெட் கண்ணாடியை மூடிவிட்டுப் பவர் பட்டனை அழுத்துகிறோம். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நிமிடம் வயிற்றைப் பிசைவது எனக்கு நன்றாகத் தெரியும். மதர்போர்டு போயிருக்குமோ, ப்ராசசர் போயிருக்குமோ என்றுதான் மனது முதலில் ஓடும். எனக்காகவும் உறவினர், நண்பர்களுக்காகவும் நான் அசெம்பிள் செய்தவற்றில் முதல் முறை ஓடாமல் நின்றவை நிறைய. அவற்றில் உண்மையிலேயே ஒரு பாகம் செத்திருந்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் நடந்த பிசகு: முழுதாக உட்காராத ரேம், மறந்துபோன கேபிள், புது ப்ராசசரை அறியாத பழைய பயாஸ் (மதர்போர்டிலேயே இருந்து மெஷினை எழுப்பும் மென்பொருள்), ஒன்றுக்கொன்று பொருந்தாத தேர்வு.

அதனால் இந்தக் குறிப்பை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். இன்னும் பாகங்கள் வாங்கவில்லை என்றால் முழுவதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். எந்தப் பழுதை வாங்கும்போதே தவிர்க்கலாம் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன் சில விஷயங்கள். மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பின்பக்க சுவிட்சை அணைத்து, மின் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பாகங்களைத் தொடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்; மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், செய்ததை ஒரு தாளில் எழுதுங்கள். ரேமையும் மாற்றி, பயாஸையும் ரீசெட் செய்து, கேபிளையும் மாற்றிப் போட்ட பிறகு மெஷின் ஓடினால் எது காரணம் என்று தெரியவே தெரியாது. அடுத்த வாரம் அதே பழுது திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

சுவரில் இருக்கும் சுவிட்ச், எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் இரண்டையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். மதர்போர்டில் ஏதாவது ஒரு சின்ன விளக்காவது எரிகிறதா என்றும் கவனியுங்கள். எரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். சந்தேகம் பட்டன் பக்கம் திரும்பலாம்.

கேபினெட்டின் முன்பக்க பட்டனிலிருந்து வரும் இரண்டு பின் வயர், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் சின்னப் பின்களில் செருக வேண்டும். ஒரு பின் தள்ளிச் செருகினாலே பட்டன் வேலை செய்யாது. மதர்போர்டு கையேட்டில் அந்தப் பின்களின் படம் இருக்கும், அதைப் பார்த்தே செருகுங்கள். பவர் பட்டன் வயரை எப்படித் திருப்பிச் செருகினாலும் பரவாயில்லை. விளக்குக்குரிய வயருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு. பட்டன் மீதே சந்தேகம் என்றால் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். மெஷின் எழுந்துவிட்டால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, பட்டனில்தான் கோளாறு. அதுவரை ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்னில் செருகிச் சமாளிக்கலாம்.

அப்புறம் 24 பின் பெரிய கேபிள். இது புது மதர்போர்டில் மிக இறுக்கமாக இருக்கும். பக்கவாட்டுக் கொக்கி மாட்டிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும். போர்டு வளைகிறதே என்று பயந்து பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். போர்டின் ஓரத்தை அடியிலிருந்து ஒரு விரலால் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லை என்றால் ஷார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். கேபினெட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்கான தாங்கி ஒன்றை அப்படியே விட்டுவிட்டுச் சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பொருத்தினால், அந்தத் தாங்கி போர்டின் அடியில் இருக்கும் சால்டர் முனைகளைத் தொட்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பார்ப்பது. வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் குற்றம் கேபினெட் பக்கம்.

ஒரு விநாடி ஓடி நின்றுவிடுகிறது, அல்லது தானாக அணைந்து அணைந்து எழுகிறது

மதர்போர்டின் மேல் இடது மூலையில், ப்ராசசருக்குப் பக்கத்தில், 8 பின் கேபிள் ஒன்று செருக வேண்டும். ப்ராசசருக்கு மின்சாரம் போவது இதன் வழியாகத்தான். கேபினெட்டின் பின்புறமாகச் சுற்றி வர வேண்டியிருப்பதால் இதை மறப்பது மிகச் சாதாரணம். கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கேபிளும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், ஆனால் உள்ளே வயர் அமைப்பு நேர்மாறு. ப்ராசசருக்குரியது நடுவில் 4+4 என்று பிரியும், கார்டுக்குரியது 6+2 என்று பிரியும். நுழையாததை வலுக்கட்டாயமாக நுழைக்காதீர்கள். சில போர்டுகளில் மேலே இரண்டு 8 பின் இடங்கள் இருக்கும். ஓவர்கிளாக் செய்யாத (ப்ராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டாத) சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று போதும்.

ஏஎம்5 (ஏஎம்டி ப்ராசசர்களுக்கான புது சாக்கெட்; இதற்கு முந்தையது ஏஎம்4) போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டிருந்தால் இன்னொரு காரணம் உண்டு, அது பழுதே இல்லை. முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். அந்த நேரத்தில் திரை கருப்பாக இருக்கும், ரேம் விளக்கு எரியும், சில போர்டுகள் தாமாகவே அணைந்தும் எழும். ரேம் அளவு கூடக்கூட நேரமும் கூடும். பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் காத்திருங்கள். பயந்துபோய் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கினால் அடுத்த முறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பயாஸ் அப்டேட் செய்த பிறகும், பயாஸை ரீசெட் செய்த பிறகும் இதே காத்திருப்பு ஒருமுறை வரும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தால், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகவே கூடாது. மதர்போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் மாடல்களுக்குள்ளேகூட மாறும். என் நண்பர் ஒருவர் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியபோது, கேபிள்கள் அழகாகக் கட்டியிருக்கின்றனவே என்று அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினார். ஆன் செய்த கணத்தில் இரண்டு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்டு டிஸ்க்கும் போயின. அந்த டிஸ்க்கில் அவருடைய மகளின் முதல் வருடப் படங்கள் இருந்தன. புதுப் பெட்டியோடு வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். மீந்ததை அதே அட்டைப்பெட்டியில் போட்டு மாடல் பெயரை எழுதி வையுங்கள்.

ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, திரை மட்டும் கருப்பு

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பதற்றப்படாமல் வரிசையாகப் போவோம்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டின் பின்புறத்தில் அல்ல. மானிட்டரின் இன்புட் தேர்வு சரியா? டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகிவிட்டு மானிட்டர் ஹெச்டிஎம்ஐக்காகக் காத்துக்கொண்டிருந்தால் திரை கருப்பாகவே இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின் கேபிள் கொடுத்தீர்களா? ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட், ஒவ்வொரு 8 பின்னும் 150 வாட். பெரும்பாலான கேமிங் கார்டுகள் ஸ்லாட் மின்சாரத்தை மட்டும் நம்பி எழாது.

இது மூன்றும் சரி என்றால் மதர்போர்டின் விளக்குகளைப் பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சிபியு (ப்ராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எதில் நின்றுபோகிறதோ பழுது அந்தப் பக்கம். விளக்கு இல்லாத போர்டு என்றால் பத்துப் பதினைந்து நிமிடக் காத்திருப்பு முடிந்த பிறகு கீழே சொல்லும் அதே வரிசையில் போகலாம். புதிதாகப் போர்டு வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வண்ண விளக்குகளுக்காக அதிகப் பணம் கொடுப்பதை விட, இந்த நான்கு விளக்குகளும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டனும் உள்ள போர்டைத் தேடுங்கள். பழுது வரும் நாளில் கைகொடுப்பவை இவைதான்.

டிராம் விளக்கு நின்றால்: ரேமைக் கழற்றி மறுபடி பொருத்துங்கள். பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி உள்ள பக்கம் கிளிக் என்று சத்தம் கொடுத்துவிடும், மறுபக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். என் தம்பிக்காகச் செய்த மெஷினில் ஒரு முழு மாலை இதில் போனது. மேலிருந்து பார்த்தபோது எல்லாம் நேராகத் தெரிந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் ரேமின் அடியில் தங்க நிறக் கோடு கொஞ்சம் வெளியே தெரிந்தது. இரண்டு ரேம் போடும்போது, நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் ஒரே ரேமை ஏ2-வில் மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை மட்டும்.

ரேம் தேர்விலேயே நடக்கும் தவறு ஒன்று உண்டு. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் அடியில் இருக்கும் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. ஆனால் இன்டெல்லின் பி660, பி760 போன்ற சிப்செட்டுகளில் இரண்டு வகைப் போர்டும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வந்தன. பெயரின் கடைசி எழுத்து வரை படித்து வாங்குங்கள்.

சிபியு விளக்கு நின்றால்: முதல் சந்தேகம் பயாஸ். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் போர்டின் பயாஸ் அந்த ப்ராசசரைவிடப் பழையதாக இருந்தால் எழாது. பி450 போர்டில் ரைசன் 5000, பி650 போர்டில் ரைசன் 9000, பி660 போர்டில் இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஆகியவை பயாஸ் அப்டேட் கேட்கக்கூடிய ஜோடிகள். போர்டு தயாரித்த கம்பெனியின் பக்கத்தில் ப்ராசசர் பட்டியல் இருக்கும். எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று அதில் தெளிவாகப் போட்டிருப்பார்கள். ஃபிளாஷ்பேக் வசதி இருந்தால் ப்ராசசரே இல்லாமல்கூட அப்டேட் செய்யலாம். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, பயாஸ் கோப்பைக் கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றி, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி துளையில் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்து பட்டனைச் சில விநாடி அழுத்த வேண்டும். விளக்கு மினுங்குவது நிற்கும் வரை தொடாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும்.

பயாஸ் சரி என்றால் ப்ராசசரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் சாக்கெட்டில் இருக்கும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் வளைந்த பின் மட்டும் வேறு மாதிரி மின்னும். ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கூலரை நேராகத் தூக்காதீர்கள். கூலருக்கு அடியில் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும். சற்று நேரம் ஓட்டிச் சூடாக்க முடிந்தால் சூடாக்கிவிட்டு, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

விஜிஏ விளக்கு நின்றால்: கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி மாட்டிக்கொள்ளும் வரை மறுபடி அழுத்துங்கள். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதலில் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகப் பொருத்துங்கள். பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் வகை) 3.0-க்கான பழைய ரைசரில் 4.0 கார்டைப் போட்டால் படமே வராமல் போகலாம். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3 என்று வைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டு வழியாகப் படம் வருகிறதா என்று பார்க்கலாம். இதனால்தான் விலை கொஞ்சம் குறைகிறது என்பதற்காக எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசசரை எடுக்கும் முன் நான் யோசிப்பேன். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5000 வரிசையில் ஜி எழுத்து இருந்தால்தான் உண்டு. ரைசன் 7000-இல் எஃப் போட்டவை தவிர மற்றவற்றில் சின்ன அளவில் உண்டு. கேம் ஆட அது உதவாது, ஆனால் கார்டு பழுதா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

கடைசியாகப் பயாஸை ரீசெட் செய்யுங்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால் போதும்.

பயாஸ் வருகிறது, ஆனால் எஸ்எஸ்டி தெரியவில்லை

எம்.2 வடிவத்தில் இரண்டு வகை எஸ்எஸ்டி உண்டு: என்விஎம்இ, சாட்டா. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைப் போட்டால் திருகு வரை பொருந்தும், ஆனால் தெரியாது. சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் அணைந்துவிடும். நேற்று வரை தெரிந்த ஹார்டு டிஸ்க் புது எஸ்எஸ்டி போட்டதும் மறைந்தது என்றால் இதுதான் காரணம். கேபிளை வேறு துளைக்கு மாற்றுங்கள்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் நிறுவும்போது மட்டும் காணோம் என்றால், இன்டெல் போர்டுகளில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கலாம். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) பயன்படுத்தாதவர்கள் அதை அணைத்துவிட்டு நிறுவலாம். நிறுவிய பிறகு இரண்டாவது டிஸ்க் தெரியாவிட்டால் அது பழுதில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் புது முறை) முறையில் தொடங்கி வைக்க வேண்டும்.

விண்டோஸ் நிறுவி முடித்ததும் இன்டர்நெட் இல்லை, டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும் என்ற சிக்கலும் அடிக்கடி வரும். மொபைலை யூஎஸ்பி கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே நெட் கிடைக்கும். வைஃபை தெரிகிறது, ஆனால் சிக்னல் மிகக் குறைவு என்றால் போர்டோடு வந்த ஆன்டெனாவைப் பின்புறம் திருகினீர்களா என்று பாருங்கள்.

விளையாடும்போது மெஷின் அணைந்துவிடுகிறது, நீலத் திரை வருகிறது, கேம் மூடிக்கொள்கிறது

மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மின்சாரம் பிடுங்கியதுபோலச் சட்டென்று அணைவது ஒன்று. நீலத் திரை வந்து எழுவது இன்னொன்று. விண்டோஸ் நன்றாக இருக்க, கேம் மட்டும் மூடிக்கொள்வது மூன்றாவது.

சட்டென்று அணைந்தால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிப்பேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி இருக்கும். அது காரணம் இல்லை, மெஷின் முறையாக அணையவில்லை என்ற தகவல் மட்டும். பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தங்கள் வழக்கமான அளவைவிட மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். சராசரிக் கணக்கில் போதும் என்று தோன்றும் எஸ்எம்பிஎஸ் அந்த இழுப்பில் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரையிலான மிகக் குறுகிய இழுப்பைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. புதிதாக வாங்குவோர் 3.0 அல்லது 3.1 உள்ளதை எடுங்கள். கார்டு கம்பெனி சொல்லும் வாட்டுக்குக் கீழே போகாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். அது போகும்போது தனியாகப் போகாமல் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

கார்டில் இரண்டு 8 பின் துளை இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை முனையைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே அணைவது நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். 16 பின் புது வகை இணைப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில நாட்களிலேயே இந்த இணைப்பு உருகிய செய்திகள் வரத் தொடங்கின. முழுதாகச் செருகாதது அதில் முக்கியமான ஒரு காரணம். இடைவெளி கண்ணுக்குத் தெரியாத வரை அழுத்துங்கள், இணைப்பிலிருந்து சுமார் 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காமல் நேராக விடுங்கள். அதற்கு இடம் இல்லாத ஒடுங்கிய கேபினெட்டை வாங்காதீர்கள்.

நீலத் திரை என்றால் ரேமிலிருந்து தொடங்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்திருந்தால் அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நீலத் திரை நின்றால் ரேமின் வேகம் போர்டுக்கோ ப்ராசசருக்கோ தாங்கவில்லை. மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. இங்கேயும் தேர்வு பேசுகிறது. ரைசன் 7000-இல் நான்கு டிடிஆர்5 ரேம் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600 மட்டும். இரண்டு 16 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தில் நன்றாக நடந்தது, இப்போது நடக்காது. தேவையான மொத்த அளவையும் ஒரே பெட்டியில் வரும் இரண்டு ரேமாக வாங்குங்கள். ரைசன் 7000-க்கு 6000 வேகம் போதுமானது, நிலையாகவும் ஓடும்.

கேம் மட்டும் மூடிக்கொண்டு, கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று செய்தி வருகிறது, ஆனால் கார்டில் மெமரி தாராளமாக இருக்கிறது என்றால் உங்கள் ப்ராசசர் என்ன என்று பாருங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் உயர்ந்த மாடல்களில் இந்த விநோதமான அறிகுறி தெரிந்தது. தேவைக்கு அதிகமான வோல்டேஜால் சிப் மெல்லத் தேய்ந்தது காரணம். 2024 ஆகஸ்ட் முதல் இதற்கான மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அப்டேட் மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரி செய்யாது. அறிகுறி ஏற்கெனவே இருந்தால் வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள். செகண்ட் ஹேண்டில் இந்த மாடல்களை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

சூடும் சத்தமும்

பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதே ப்ராசசர் 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே அணையுங்கள். கூலர் ஒட்டவில்லை. அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பொருத்துவது முதல் காரணம், எதிரெதிர் மூலையாகத் திருகாமல் ஒரே பக்கமாக இறுக்குவது அடுத்தது. வாட்டர் கூலர் என்றால் பம்ப் வயர் செருகியிருக்கிறதா, பம்ப்புக்கு முழு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் அதன் மேல் முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று பம்ப்பில் சேர்ந்து சலசலக்கும்.

அதே நேரம், எல்லா உயர்ந்த எண்ணும் ஆபத்து இல்லை. ரைசன் 7600எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைத்தவை. 7800எக்ஸ்3டி-க்கு எல்லை 89. கேம் ஆடும்போது அந்த எல்லையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் மட்டும் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் இழுத்து, பின்னாலும் மேலேயும் தள்ள வேண்டும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய கேபினெட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே போகும் காற்று பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும்.

விளக்குப் பட்டை மாட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று பின் வகை 5 வோல்ட், நான்கு பின் வகை 12 வோல்ட். மாற்றிச் செருகினால் பட்டை எரிந்துபோகலாம்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் எதிர்பார்த்த வேகம் இல்லை

பாகங்களைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தால் படம் உள் கிராபிக்ஸ் வழியாக வரலாம். 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் நாமே மாற்ற வேண்டும். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்யாவிட்டால் 6000 வேக ரேம்கூட 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு தடை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கேமின் ரெசல்யூஷனை நன்றாகக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. ஏறவே இல்லை என்றால் தடை ப்ராசசரிலோ ரேமிலோ. ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தும் நடுநடுவே வெட்டி வெட்டி ஓடினால் கார்டின் மெமரி நிரம்பியிருக்கலாம்; டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ போன்ற கார்டுகள் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையிலும் வந்தன. பெயர் ஒன்றுதான், ஆயுள் வேறு. சில கார்டுகள் ஸ்லாட்டின் எல்லா டேட்டா வழிகளையும் (லேன்) பயன்படுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு வழி மட்டும் பயன்படுத்தும், பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் அது கண்கூடாகத் தளரும். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கினால் பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் நேரடியாக அணுகும் வசதி) கட்டாயம் ஆன் செய்யுங்கள். அது இல்லாத போர்டுக்கு அந்தக் கார்டு ஏற்றதல்ல.

ஒரு கேம் மட்டும் திறக்க மறுக்கிறது

விண்டோஸ் 11-இல் வேலரண்ட் போன்ற கேம்கள் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இரண்டும் பயாஸில் இருக்கும். ஆனால் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்து விண்டோஸ் நிறுவியிருந்தால், செக்யூர் பூட்டுக்காகச் சிஎஸ்எம்-ஐ (பயாஸின் பழைய பூட் முறை) அணைத்ததும் மெஷின் பூட் ஆகாது. முதலில் முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றுங்கள், அதன் பிறகு பயாஸுக்குப் போங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஓடவில்லை

இப்போது உண்மையிலேயே ஒரு பாகம் செத்திருக்கலாம். அதைச் சொல்ல ஒரே நம்பகமான வழி, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மெஷினில் அதைப் போட்டுப் பார்ப்பது. எஸ்எம்பிஎஸ், ரேம், கார்டு, கடைசியில் போர்டும் ப்ராசசரும் என்ற வரிசையில் போங்கள். மாற்றிப் பார்க்கச் சுலபமானதிலிருந்து கடினமானதற்கு. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது மேலே சொன்ன கேபிள் எச்சரிக்கையை மறக்காதீர்கள்.

வாரன்டிக்கு அனுப்பும் முன் சாக்கெட்டைப் பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். போர்டோடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் சாக்கெட் மூடியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பல கம்பெனிகள் அந்த மூடி இல்லாமல் போர்டைத் திரும்ப ஏற்பதில்லை. மூடி இல்லாமல் அனுப்பினால் வழியிலேயே பின் வளைந்துவிடும், பிறகு அது நம் தவறாகிவிடும். ப்ராசசர் பொருத்தும் அன்றே அந்த மூடியைப் பில்லோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, கேபினெட் பெட்டிக்குள் ஒட்டி வைத்துவிடுங்கள்.